யார் முதலில் தோற்பது

மத்தியானம் கோச் என் அறைக்கு வந்து, "இன்னிக்கு நீங்க ஆடறீங்க" என்று சொன்னபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இது எனக்கு மூன்றாவது விளையாட்டு விழா. முதல் இரண்டிலும் நான் செய்த உருப்படியான வேலை, ஆடுகிறவர்களுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்ததும் பெஞ்சில் உட்கார்ந்து கை தட்டியதும்தான். டேபிள் டென்னிஸ் அணிப் போட்டியில் மூன்று பேர் ஆடுவார்கள். நான் எப்போதும் நாலாவது ஆள். வயதும் ஏறிவிட்டது, முழங்காலில் பட்டை கட்டாமல் படி இறங்க முடிவதில்லை. அடுத்த விழாவுக்கு என்னைத் துண்டு கொடுக்கக்கூடக் கூப்பிட மாட்டார்கள்.

உடனே வீட்டுக்குப் போன் போட்டேன். மகள்தான் எடுத்தாள். பத்து வயது. நான் ஆடி அவள் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் "எங்க அப்பா ப்ளேயர்" என்று பீற்றிக்கொண்டு, "உங்க அப்பா லிஃப்ட் ரிப்பேர் பண்றவர்தானே" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவள். நான் லிஃப்ட் மெக்கானிக்தான், அதில் தப்பில்லை. ஆனால் அன்று அவள் சாப்பிடாமல் படுத்தது எனக்கு மறக்கவில்லை.

"நிஜமா ஆடறீங்களாப்பா? போன தடவை மாதிரி சும்மா உக்காந்திருக்க மாட்டீங்களே?"

"ஆடறேன்டா கண்ணு. அம்மாவைக் கூட்டிக்கிட்டு சீக்கிரம் வா."

என் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் அடிக்கிறவன் இல்லை. மேசையை விட்டு நாலு அடி பின்னால் நின்று, எதிராளி அடிப்பதையெல்லாம் வெட்டி வெட்டித் திருப்பி அனுப்புகிறவன். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் பந்து திரும்பி வரும். அதனால் எனக்குச் சுவர் என்று பட்டப்பெயர். இந்த ஆட்டத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. எதிரே இருப்பவன் அடித்தால்தான் எனக்குப் பிழைப்பே. அவன் அடிக்காவிட்டால் நான் மட்டையோடு சும்மா நிற்கிற ஒரு நடுத்தர வயது ஆள், அவ்வளவுதான்.

அரங்கத்தில் உடை மாற்றும் அறை. ஈரச் சாக்ஸும் வலி மருந்தும் கலந்த வாடை. கோச் ஓர் ஆரஞ்சை உரித்துத் தின்றுகொண்டே எங்களுக்குக் கணக்குச் சொன்னார். விதைகளை உள்ளங்கையில் துப்பினார், அதே கையால் என் தோளைத் தட்டினார்.

கணக்கு இதுதான். எங்கள் பிரிவில் நாங்களும் இன்று எங்களோடு மோதுகிற அணியும் ஏற்கெனவே அரையிறுதிக்குப் போயாகிவிட்டது. அரையிறுதியில் தோற்றாலும் வெண்கலம் உண்டு. பக்கத்துப் பிரிவில் யாராலும் ஜெயிக்க முடியாத ஓர் அணி இருக்கிறது. அவர்கள் காலையில் முக்கியமான ஆளுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு ஆடி, அசட்டையாகத் தோற்று, இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டார்கள். அரையிறுதியில் ஒரு பிரிவின் முதலிடம் அடுத்த பிரிவின் இரண்டாம் இடத்தோடு மோதும், அதனால் எங்கள் பிரிவில் யார் முதலிடம் பிடித்தாலும் நாளைக்கு அவர்களிடம் உதை வாங்க வேண்டும். இரண்டாம் இடம் பிடித்தால் சுமாரான அணி கிடைக்கும். ஜெயித்து இறுதிக்குப் போகலாம், வெள்ளி நிச்சயம்.

"அதனால இன்னிக்கு நாம தோக்கறோம்" என்றார் கோச். "பார்க்கறவங்களுக்குத் தெரியாம, நீட்டா."

எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. "அதுக்குத்தான் என்னை எடுத்தீங்களா?"

"பின்னே? நல்லா ஆடறவனை விட்டுத் தோக்க வைக்கறது கஷ்டம். உங்களுக்குப் பாரம் இல்ல. போனோமா, மூணு கேம் விட்டோமா, வந்தோமான்னு இருக்கணும்."

"என் பொண்ணு பாக்க வந்திருக்கா சார்."

"வரட்டுமே. வேண்டாம்னா சொன்னேன்?" என்று இன்னொரு சுளையை வாயில் போட்டார்.

எங்கள் அணியின் கேப்டன் என் மனைவியின் தம்பி. அவனைச் சின்னப் பையனாக இருந்தபோதிலிருந்து எனக்குத் தெரியும். ஷூவுக்குக் கயிறு கட்டியபடியே, முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"மாமா, ரொம்ப யோசிக்காதீங்க. எல்லாரும் பண்றதுதான். வெள்ளி வந்தா எனக்கு ஆபீசர் போஸ்ட் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. அக்காவுக்கும் தெரியும்."

"தோக்கப் போறது தெரியுமா அக்காவுக்கு?"

"அதெல்லாம் எதுக்கு அவங்களுக்கு?"

நான் முழங்கால் பட்டையை இறுக்கிக் கட்டினேன். தோற்பதாக நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. இருக்கிற ஒரே ஆட்டத்தை ஒழுங்காக ஆடிவிட்டுப் போகிறேன், பிறகு இவர்கள் என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளட்டும் என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

எங்கள் கோச் ஒன்றை மறந்துவிட்டார். கூட்டல் கழித்தல் எதிர் அணிக்காரர்களுக்கும் தெரியும்.

முதல் ஆட்டத்தில் மச்சினன் இறங்கினான். பந்தை வலையில் போட்டான். எதிராளியும் வலையில் போட்டான். மச்சினன் திடுக்கிட்டு எங்கள் பெஞ்சைப் பார்த்தான். எதிராளி அவர்கள் பெஞ்சைப் பார்த்துச் சிரித்தான். அதற்கப்புறம் நடந்ததை ஆட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருவன் சர்வீஸை மேசைக்கு வெளியே போடுவான், இன்னொருவன் பதிலுக்கு வலையில் போடுவான். யார் அதிகக் கேவலமாக ஆடுவது என்பதில் மட்டும் இரண்டு பேரும் உயிரைக் கொடுத்துப் போட்டியிட்டார்கள். மச்சினன் கெட்டிக்காரன், தோற்றுவிட்டான். இரண்டாவது ஆட்டத்தில் அவர்கள் ஆள் தோற்றுக் கணக்கைச் சரிக்கட்டினான். கூட்டம் முதலில் சிரித்தது. அப்புறம் ஊளையிட ஆரம்பித்தது.

மூன்றாவது என்னுடையது. மேசைக்குப் போகும்போது மேலே பார்த்தேன். மனைவியும் மகளும் மூன்றாவது வரிசையில் இருந்தார்கள். மகள் எழுந்து நின்று கையை ஆட்டினாள்.

எனக்கு வாய்த்தவன் ஓர் இடதுகைக்காரன். எங்கள் பிரிவில் அவன் அடிக்கு நிகர் கிடையாது. இதே அடியை எதிர்த்து ஆட வேண்டும் என்று பல வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து கனவு கண்டிருக்கிறேன். நான் முதல் சர்வீஸ் போட்டேன். அவன் அதை வலையில் தள்ளினான். அடுத்ததையும் தள்ளினான். அவன் சர்வீஸ் மேசைக்கு வரவே இல்லை. நான் ஒன்றுமே செய்யாமல் முதல் கேமை ஜெயித்துவிட்டேன், உடம்பில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

பக்கம் மாறும்போது கிட்டே போய்த் தாழ்ந்த குரலில் கேட்டேன். "தம்பி, ஒரு கேமாவது ஆடுவோமே. மேல என் பொண்ணு உக்காந்திருக்கா."

"அண்ணே, என்னை மாட்டி விட்டுடாதீங்க. வேலை போயிடும்" என்றான். கண்ணில் நிஜமான பயம் இருந்தது.

இரண்டாவது கேமில் நான் பந்தை உயரத் தூக்கிக் கொடுத்தேன். மேசைக்கு நட்ட நடுவே, சொத்தைப் பந்து, எந்தக் கற்றுக்குட்டியும் விளாசுகிற பந்து. அவன் அதை அடுத்த மேசைப் பக்கம் பறக்கவிட்டான். மறுபடி தூக்கினேன். மறுபடி பறக்கவிட்டான். தலைமை நடுவர் எழுந்து வந்து இரண்டு பேருக்கும் மஞ்சள் அட்டை காட்டினார். "ஒழுங்கா ஆடுங்க, இல்லன்னா வெளிய அனுப்பிடுவேன்" என்றார். நானும் ஒழுங்காக ஆடவில்லையாம். அதையும் கேட்டுக்கொண்டேன்.

அட்டைக்குப் பயந்தோ என்னவோ, அடுத்த பந்தை அவன் அடித்தான். நிஜமான அடி. நான் பின்னால் போய் வெட்டி அனுப்பினேன். இன்னும் ஓங்கி அடித்தான். வெட்டினேன். வலது மூலையில் அடித்தான், ஓடி எடுத்தேன். இடது மூலை, அதையும் எடுத்தேன். முழங்கால் வலி எங்கேயோ போய்விட்டது. அவன் முகமும் மாறிவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தான், மூச்சு விடுவது கேட்டது. அரங்கம் ஊளையை நிறுத்திவிட்டது. பந்து சத்தமும் எங்கள் ஷூ சத்தமும் தவிர வேறு சத்தம் இல்லை. நான் சந்தோஷமாக இருந்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன், அத்தனை சந்தோஷமாக இருந்தேன்.

அவர்கள் பெஞ்சிலிருந்து யாரோ கனைத்தார்கள். இடதுகைக்காரனுக்குச் சுரணை வந்துவிட்டது. வந்துகொண்டிருந்த பந்தை மட்டையால் தொடக்கூட இல்லை, கையை நீட்டி அப்படியே பிடித்துக்கொண்டான். புள்ளி எனக்கு.

அரங்கமே கூச்சல் போட்டது. யாரோ காலி பாட்டிலை வீசினார்கள். அது என் காலடியில்தான் வந்து விழுந்தது. மிச்ச ஆட்டத்தை நான் எப்படி முடித்தேன் என்று கேட்டால், முடிக்கவில்லை, அது தானாக முடிந்தது. மூன்று கேமும் எனக்கு. என் வாழ்க்கையின் ஒரே வெற்றி.

பெஞ்சுக்கு வந்தால் ஒருவரும் கை கொடுக்கவில்லை. "உங்ககிட்ட ஒரு சின்ன வேலை குடுத்தேன், தோக்கக்கூடத் துப்பில்லையே" என்றார் கோச். நான் திரும்பி, "துப்பறதுல நீங்கதான் சார் கெட்டி" என்றேன். மச்சினன் என்னை முறைத்துவிட்டு நாலாவது ஆட்டத்துக்குப் போனான். தோற்றுவிட்டு வந்தான். ஐந்தாவதில் எங்கள் இன்னொரு ஆள் மட்டையே நழுவி விழுகிற மாதிரி ஆடித் தோற்றான். நாங்கள் இரண்டாம் இடம். கோச் எல்லோரையும் கட்டிப் பிடித்தார், கோபத்தை மறந்து என்னையும் கட்டிப் பிடித்தார். அவர் சட்டை நனைந்திருந்தது. ஆடாத மனிதருக்கு எப்படி அவ்வளவு வியர்த்ததோ.

வெளியே வாசல்படி அருகே மனைவியும் மகளும் நின்றிருந்தார்கள். மனைவி தம்பியை மட்டும் ஒரு பார்வை பார்த்தாள். அவன் போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஜெயிச்சீங்களா, தோத்தீங்களா?"

"ஜெயிச்சேன்டா."

"அப்புறம் ஏன் எல்லாரும் ஊன்னு கத்தினாங்க?"

"எனக்கு எதிரே ஆடினவர் சரியா ஆடல. நான் சரியாத்தான் ஆடினேன்" என்றேன். சொல்லும்போதே எனக்கே பிடிக்கவில்லை.

"நானும் கத்தினேன்" என்றாள். "எல்லாரும் கத்தினாங்க, அதான். அப்புறம் பக்கத்து சீட் ஆன்ட்டி, இதுல யாரு உங்க அப்பான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"எங்க அப்பா வரலைன்னு சொல்லிட்டேன்."

மனைவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் மகளின் கையைப் பிடிக்கப் போனேன். அவள் தண்ணீர் பாட்டிலை அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.