பத்து வருஷப் பூச்சு

அவளைச் சொரசொர அக்கா என்று முதலில் கூப்பிட்டது யார் என்று அவளுக்கே நினைவில்லை. இரும்பில் அவள் அடிக்கிற பெயிண்ட் அப்படி. மணல் தூவியது போலப் பொரிபொரியாக நிற்கும். கால் வழுக்காது, சாவியால் கீறினாலும் அசையாது. ஸ்பிரே துப்பாக்கியைக் கையில் எடுத்துவிட்டால் அவளுக்குப் பேச்சே வராது. முடித்த பிறகு பேசுகிற பேச்சைக் கேட்கத்தான் இரண்டு காது போதாது. அதில் பாதி, நான்கு வருடத்துக்கு முன்னால் அடித்த ஒரு படிக்கட்டைப் பற்றித்தான் இருக்கும்.

குழந்தைகள் காப்பகம் ஒன்றின் பின்சுவரை ஒட்டி, இரண்டாம் மாடியிலிருந்து நேராக இறங்கும் இரும்புப் படிக்கட்டு அது. தீ விபத்து என்றால் மட்டும் திறக்கிற கதவு, அதற்கு மட்டுமான படி. ஒப்பந்தம் எடுத்துக் கட்டியவன் அவள் தம்பி. பூச்சு பத்து வருஷம் தாங்கும் என்று எழுதியே கொடுத்தான். அக்கா கைமேல் அவ்வளவு நம்பிக்கை.

கட்டிய நாளிலிருந்து அதில் யாரும் இறங்கியதில்லை. நாளைக்குத்தான் முதல் ஒத்திகை. ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். மணி அடித்ததும் முப்பத்திரண்டு குழந்தைகளும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். வெளுத்த இடங்களில் மட்டும் ஒரு கை அடித்துவிடு என்று தம்பி அவளை அனுப்பியிருந்தான்.

வழக்கம் போல அவள் படியின் ஓரத்திலேயே கால் வைத்து ஏறினாள். பூச்சில் தடம் விழக் கூடாது என்று தொழிலில் வந்த பழக்கம். வீட்டு மாடிப்படியில்கூட அப்படித்தான் நடப்பாள், பிள்ளைகள் சிரிக்கும். நான்கு வருட வெயில் மழைக்குப் பூச்சு ஓர் இடத்தில்கூட உரியவில்லை. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. கீழிருந்து ஏழாவது படியில்தான், சுவரோரம், பழுப்பாக ஒரு கோடு வழிந்திருந்ததைப் பார்த்தாள்.

சுரண்டிப் பார்க்கலாம் என்று ஸ்க்ரூ டிரைவரை வைத்தாள். அது பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

படி ஒவ்வொன்றும் தகட்டை மடித்து மூடிய பெட்டி. மூடுவதற்கு முன்னால் உள்பக்கம் துருப் பிடிக்காமலிருக்க ப்ரைமர் அடித்திருக்க வேண்டும். அன்றைக்கு வெல்டர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள், உள்ளே யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று தம்பி அவசரப்படுத்தினான், அவளும் சரி என்று விட்டுவிட்டாள். சுவரோர இடுக்கு வழியாக இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்றிருக்கிறது. வெளியே பூச்சு கல்லாக நிற்க, உள்ளே இரும்பு உதிர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

தம்பி வந்து ஓட்டையைப் பார்த்தான்.

"பட்டி வெச்சு ஓட்டைய அடைச்சு மேல அடிச்சிடுக்கா. அடுத்த வாரம் நானே தகடு மாத்திடுறேன்."

"புள்ளைங்க இறங்கப் போற படிடா."

"நாளைக்கு ஒரு நாள். ஒரே ஒரு படி. இது வெளிய தெரிஞ்சா எனக்கு இனிமே எவன் வேலை தருவான்?"

அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். அவன் முகம் வாடினால் அவளுக்குச் சோறு இறங்காது. காப்பகத்தை நடத்துகிற அம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம், நாலே வார்த்தைதான். அதற்கு வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் பேசுகிற வாய், வேண்டிய நேரத்தில் ஒட்டிக்கொண்டது. வாய் சொல்லாததைப் பெயிண்ட் சொல்லட்டும் என்று முடிவு செய்தாள்.

அந்தப் பெயிண்டுக்கு ஒரு குணம் உண்டு. இரண்டாம் பூச்சை ஒரு மணி நேரத்துக்குள் அடிக்க வேண்டும். விட்டால் இரண்டு நாள் பொறுக்க வேண்டும். இடையில் அடித்தால் அடிப்பூச்சு கிளம்பி, பாலாடை மாதிரி சுருங்கிவிடும். ஏழாம் படிக்குப் பட்டி வைத்து, அன்று காலையிலேயே ஒரு பூச்சு அடித்தாள். மத்தியானம் வேண்டுமென்றே இன்னொன்று அடித்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக வேலையைக் கெடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அதிகாரி கண்ணில் படாமல் போகாது, ஏன் இப்படி என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், மற்றதைத் தான் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் வந்தபோது எல்லாப் படியிலும் தம்பி போட்ட பச்சை நிற ரப்பர் விரிப்பு கிடந்தது.

அதிகாரி கீழே நின்றே பார்த்து முடித்து, கையெழுத்தும் போட்டாகிவிட்டது. குழந்தைகள் வழுக்காமல் இருக்க விரிப்புப் போட்டதைப் பாராட்டினாராம். அதைச் சொல்லும்போது தம்பி அவள் கண்ணைப் பார்க்கவில்லை. மேலே கதவு திறந்திருந்தது. காப்பகத்து அம்மா மணியைக் கையில் வைத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு பெண் குழந்தை முன்னால் நிற்பவனின் சட்டைக் காலரை இறுக்கிப் பிடித்திருந்தது. சின்னச் சின்னச் செருப்புகள் நிலைகொள்ளாமல் தரையைத் தேய்க்கிற சத்தம் கீழே வரைக்கும் கேட்டது.

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. தம்பியின் வண்டியில் கிடந்த சுத்தியலை எடுத்துக்கொண்டு ஏறினாள். தம்பி கூப்பிட்டதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆறாம் படியில் நின்று, ஏழாம் படியின் விரிப்பை இழுத்து எறிந்தாள். பூச்சு அவள் நினைத்ததைவிட நன்றாகவே சுருங்கியிருந்தது. ஓங்கி ஒரே அடி. சுத்தியல் உள்ளே போய், அடித்தகட்டையும் பிய்த்துக்கொண்டு மறுபக்கம் வந்தது. துருத் துண்டுகள் கீழே சிமெண்ட் தரையில் கொட்டின.

மணி அடிக்கவில்லை. காப்பகத்து அம்மா குழந்தைகளை உள்ளே தள்ளிக் கதவை மூடிவிட்டு, வெளித்தளத்தில் தனியாக நின்றாள். அதிகாரி கீழேயிருந்து கத்தினார். தம்பி மட்டும் படிக்கட்டுக்கு அடியில் வந்து அந்த ஓட்டையை அண்ணாந்து பார்த்தான்.

"இந்த ஒண்ணுதானே?" என்று காப்பகத்து அம்மா மேலிருந்து கேட்டாள்.

"ஒண்ணுதாம்மா. மத்ததெல்லாம் கல்லு மாதிரி இருக்கு, பாருங்க."

பூச்சை விட்டுக்கொடுக்க இப்போதும் அவளுக்கு மனமில்லை. கை நீட்டி எட்டாம் படியின் விரிப்பை விலக்கினாள். ஒரு பொரிகூட உதிராத பூச்சு, அவளே அடித்தது. காட்டுவதற்காகத்தான் நடுவில் லேசாகத் தட்டினாள். சுத்தியல் உள்ளே இறங்கியது. எட்டி ஒன்பதாவதைத் தட்டினாள். அதிலும் இறங்கியது.

நான்கு வருடமாக எந்தப் படியிலும் நடுவில் யாரும் கால் வைத்ததில்லை, தானும் சரி, ஓட்டைக்குப் பயந்து ஓரமாகவே ஏறி விரிப்புப் போட்டிருக்கும் தம்பியும் சரி, என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இப்போது, ஓங்கி அடிக்க வாகாக, அவள் ஆறாம் படியின் நட்டநடுவில் நின்றிருந்தாள். காலுக்குக் கீழே ஏதோ மெதுவாக உதிர்கிற சத்தம் கேட்டது. அவள் அசையவில்லை.

"தம்பி," என்றாள், குரலை உயர்த்தாமல். "அடியில நிக்காத. தள்ளிப் போடா."