திரும்பாத சாவி

சாவியைத் தொலைத்துவிட்டு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் வீட்டில் யார் மேலாவது பழியைப் போட்டுக்கொண்டே வருவார்கள். அந்தப் பெண் யாரையும் குறை சொல்லவில்லை. பழைய பித்தளைப் பூட்டு ஒன்றை என் பலகையில் வைத்தாள். கூட வந்த அவள் அப்பா அதன்மேல் வைத்த கையை லேசில் எடுக்கவில்லை.

"கடைய தொறக்கணும் தம்பி. நேரமாச்சு" என்றார்.

பழைய பூட்டுக்குப் பொறுமை வேண்டும். வெட்டாத சாவியை மெழுகுவர்த்திப் புகையில் கறுக்க வைத்து, உள்ளே விட்டு லேசாகத் திருப்ப வேண்டும். கரி உரசிப்போன இடத்தை மட்டும் அரத்தால் ராவ வேண்டும். அவசரக்குடுக்கைகளுக்கு இந்த வேலை ஆகாது. ஒரு இழுப்பு அதிகமானாலும் சாவி உள்ளே போகும், திரும்பாது.

"இவ்வளவு மெனக்கெடறதுக்கு புதுப் பூட்டே வாங்கிடலாமே அக்கா" என்றேன்.

அப்பா தெருவை வேடிக்கை பார்க்கும்வரை காத்திருந்து, தணிந்த குரலில் சொன்னாள்.

"கடைய வித்து வருஷக்கணக்காச்சு. நான் வேலைக்குப் போனதும் அதைத் தேடிக் கிளம்பிடறாரு. போன வாரம் லாரி முன்னாடி போய் நின்னாரு. வீட்டுக் கம்பிக் கதவுல புதுப் பூட்டு போட்டா, தன்னை யாரோ அடைச்சுட்டாங்கன்னு தலைய முட்டிக்கறாரு. இது அவர் கடைப் பூட்டு. இது தொங்குனா, கடைய சாத்தியாச்சுன்னு பேசாம உக்காந்துக்குவாரு. ஆனா சாவி அவர் கையில இருக்கணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "அவருக்கு ஒண்ணு பண்ணிக் குடுங்க. தொறக்காததா."

முதல் சாவிக்குப் பூட்டு திறந்தது. பெரியவர் பார்ப்பதற்குள் அழுத்திப் பூட்டினேன். இரண்டாவதை எடுத்தேன். கை தவறிக் கெட்ட சாவிகள் ஒரு தகர டப்பா நிறைய என்னிடம் உண்டு. வேண்டுமென்றே ஒன்றைக் கெடுத்தது அன்றுதான். அவர் குனிந்து பார்த்து, "நிதானமா பண்ணு தம்பி, பரவால்ல" என்றார். அரத்தை இன்னொரு இழுப்பு இழுத்தேன்.

நல்ல சாவியை மகள் வாங்கிக் கைக்குள் மூடிக்கொண்டாள். மற்றதை அவர் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார் என்று நினைத்தேன். அங்கேயே பூட்டுக்குள் விட்டுத் திருப்பினார். இரண்டு கையாலும் திருப்பினார். என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"சாவியில குத்தமில்ல தம்பி. எனக்குத்தான் கையில பலம் போயிடுச்சு."

சாவியோடு பூட்டை மகளிடம் நீட்டினார். "நீ தொறம்மா."

அவள் மூடிய கையைப் பிரிக்காமல் நின்றாள். அவர் நீட்டியபடியே காத்திருந்தார்.