ஞாயிற்றுக்கிழமை வந்து போனவர்

1

இந்தக் கதை எனக்கு எட்டிப் பார்த்ததில் கிடைத்தது. இரண்டாயிரத்து எட்டாம் வருடம், மழைக்கு ஒதுங்கிக் கோடைக்கானலில் ஒரு பிரௌசிங் சென்டருக்குள் நுழைந்தேன். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். காலடியில் சந்தைப் பை. பைக்குள்ளிருந்து முள்ளங்கி இலை எட்டிப் பார்த்தது, நானும் எட்டிப் பார்த்தேன். திரையில் இன்னொரு பெண்ணின் படம். அந்த அம்மாள் முந்தானையால் திரையைத் துடைத்தார். தூசிக்காகத் துடைத்த மாதிரித் தெரியவில்லை.

நான் கண்டது அவ்வளவுதான். மீதியெல்லாம் புளுகு. ஆனால் புளுகுகிறவனுக்கும் ஒரு முறை உண்டு, கூடியவரை ஒழுங்காகச் சொல்கிறேன்.

2

முதல் வரியை இப்படி எழுதினேன்: ‘மலையை மூடிய பனி அவள் மனதையும்...’

வேண்டாம். கோடைக்கானல் என்றதும் பனியை இழுத்துவராதவன் யார்? அங்கே குடியிருப்பவர்களுக்குப் பனி என்றால் காயாத துணி.

மறுபடி: ‘விஜயராணிக்கு ஒரு அக்கா இருந்தாள்.’ இதுவும் சரியில்லை, செத்துப்போனவளைச் சொல்கிற மாதிரி இருக்கிறது.

கோடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டியில் இருக்கும் விஜயராணிக்கு ஒரு அக்கா இருக்கிறாள். பெயர் ஜெயா. இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், இருவரும் பிறந்து வளர்ந்த அதே லயத்து வரிசை வீட்டில் இருக்கிறாள். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தக் குடும்பத்தை இரண்டு அரசாங்கங்கள் குடியுரிமைக் கணக்குப் பார்த்துப் பங்கு போட்டுக்கொண்டன. அக்கா புருஷனுக்கு அந்த நாடு, மற்றவர்களுக்கு இந்த நாடு. அம்மா மாரியாயி சின்னவளோடு கப்பலேறி வந்தாள், சில வருடங்களில் இங்கேயே கண்ணை மூடினாள். அங்கே கலவர நேரம். அக்கா தனியாகக் கிடந்து துடிப்பாளே என்று பயந்து, கருமாதியெல்லாம் முடிந்த பிறகுதான் விஜயராணி அந்தப் பக்கம் போன ஒருவரிடம் சேதி சொல்லி அனுப்பினாள்.

பதிலும் வாய்வழியாகவே வந்தது. சேதி தெரியாமல் ஜெயா அந்த நாட்களில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாளாம்.

“அம்மா செத்த தீட்டுல என்னையக் கல்யாணச் சோறு திங்க வச்சவ, இனி என் மொகத்துல முழிக்க வேணாம்.”

விஜயராணி முழிக்கவில்லை.

3

(இந்த இடத்தில் கம்ப்யூட்டர் வர வேண்டும். தயங்குகிறேன். கப்பலும் கருமாதியும் வந்த கதைக்குள் மவுஸைப் பிடித்து உட்கார்வது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.)

பிரௌசிங் சென்டர்காரன் பெயர் பழனிக்குமார். பூம்பாறையில் பூண்டு போடும் குடும்பம், இவன் மண்வெட்டிக்குப் பயந்து கீபோர்டுக்கு வந்தவன். விஜயராணி காட்டேஜ்களில் அறை கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வந்தவள் ஒருநாள் அவனிடம், “இதுல எங்க தோட்டம் தெரியுமா தம்பி?” என்று கேட்டாள்.

அப்போது ஊரே பைத்தியமாக இருந்த ஒரு நட்புத் தளத்தில் அவன் தோட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடினான். அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். அதில் ஒருத்தி தர்ஷினி, ஹட்டனில் வேலை. அவள் படத்தில், அவளுக்குப் பின்னால் ஒரு பெண் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். பாதி முதுகு, பாதி முகம், தலை முக்கால்வாசி நரை.

“எங்கக்கா,” என்றாள் விஜயராணி. “அப்ப இந்தப் புள்ள அது மகதான்.”

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் வந்தாள். எழுதச் சொன்னால் மாட்டேன் என்பாள். அக்கா முழிக்க வேண்டாம் என்றுதானே சொன்னாள், பார்க்க வேண்டாம் என்றா சொன்னாள்?

கணக்கு இல்லாதவர்களுக்கெல்லாம் பழனிக்குமார் தன் கணக்கையே திறந்து கொடுப்பான். சலூன் சீப்பு மாதிரி அது எல்லார் தலைக்கும் பொது. அதில் அவன் படம்: கறுப்புக் கண்ணாடி போட்டு, ஏரிக்கரையில் வாடகைக் குதிரைமேல்.

4

பிறகு அந்த நிறுவனம் ஒரு முடிவெடுத்தது. (பெயரை நான்தான் வைக்க வேண்டும், வைக்கவில்லை.) ‘உங்கள் பக்கத்துக்கு யார் வந்து போனார்கள் என்பதை இனி நீங்களே பார்க்கலாம்’ என்று ஒருநாள் காலை அறிவித்தார்கள். யாரையும் கேட்கவில்லை. நேற்று வரை மறைவில் நின்றவர்களெல்லாம் வெளிச்சத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

பேப்பர்களில் சண்டை. ‘ஒளிக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம்?’ என்றது நிறுவனம். ‘அப்படியானால் உன் வீட்டுக் கதவைக் கழற்று’ என்றார்கள் எதிர்த்தவர்கள். கண்டன மனு ஒன்று உலகம் முழுக்கச் சுற்றியது, பழனிக்குமார் அதில் கையெழுத்துப் போட்டான்.

அவனுக்குச் சொந்தக் காரணம் இருந்தது. தர்ஷினியிடமிருந்து அவனுக்கு ஒரு செய்தி வந்திருந்தது: “யாரு நீங்க? ஒவ்வொரு ஞாயிறும் வந்து என்ட படத்தப் பாத்துட்டுப் போறீங்க. எங்கம்மா பயப்படுறாங்க. இனியும் வந்தா பக்கத்தையே மூடிருவேன்.”

“என் மானம் கப்பலேறிருச்சுக்கா,” என்றான். “கடலுக்கு அங்கிட்டு ஒரு புள்ள என்னையப் பொறுக்கின்னு நெனைக்குது.”

“எங்கக்கா ஒன் படத்தப் பாத்துச்சா?”

“பாத்துத்தான பயந்துருக்கு!”

குதிரைமேல் உட்கார்ந்த அந்தக் கறுப்புக் கண்ணாடியை அக்கா பார்த்து மிரள்வதை நினைத்து விஜயராணிக்குச் சிரிப்பு வந்தது. அக்காவைப் பயமுறுத்தியது தன் பாசம்தான் என்பது புரிந்ததும் அழுதாள்.

“நாந்தான் சித்தின்னு ஒரு வரி போட்ருங்க. சோலி முடிஞ்சுது.”

“வேணாம் தம்பி. அது வேணாம்னு சொல்லிருக்கு.”

“அப்பப் பேசாம இருங்க. இதை வெரசா எடுத்துருவாய்ங்க. பெறகு பழையபடி யாருக்கும் தெரியாமப் பாக்கலாம்.”

இரண்டு ஞாயிறு அவள் சந்தையோடு திரும்பிப் போனாள்.

5

பழனிக்குமார் சொன்னதே நடந்தது. நிறுவனம் பணிந்தது. அந்த வசதியை ஞாயிற்றுக்கிழமையோடு எடுத்துவிடுவதாக அறிவித்தது. சனிக்கிழமையே அவன் அட்டுவம்பட்டிக்கு வந்து, “ஜெயிச்சுட்டம்க்கா!” என்றான்.

‘விஜயராணி நிம்மதிப் பெருமூச்சு விட்டாள்’ என்று எழுதினேன். அவள் விடவில்லை. நான் எழுதியதற்கெல்லாம் தலையாட்டுகிறவளாக அவள் வாய்க்கவில்லை.

“அப்ப நான் வந்து போனது இனி அதுக்குத் தெரியவே தெரியாதா?”

“தெரியவே தெரியாது.”

அவள் முகம் வாடிவிட்டது. யாருடைய மூஞ்சிக்குப் பின்னாலோ ஒளிந்துகொண்டு போனாலும், இந்தச் சில வாரங்களில் அக்கா வீட்டில் அவள் வரவை ஒருத்தி கவனித்திருக்கிறாள். ஞாயிறு ஞாயிறு ஒருவர் வருகிறார் என்று அங்கே பேச்சு நடந்திருக்கிறது. இத்தனை வருட ஏக்கத்தில் அவளுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். அதையும் எடுத்துவிடப் போகிறார்கள். பார்ப்பது மட்டும் போதும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தது பொய்.

ஞாயிறு வெள்ளனே வந்து கதவைத் தட்டினாள்.

“எம் பேருல ஒண்ணு போட்டுக் குடு.”

பெயர் போட்டான், ஊர் போட்டான். வெப்கேமரா முன்னால் அவள் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து, முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

“படம் எம்புட்டுத் தெரியும்?”

“ஸ்டாம்ப் அளவுதான்க்கா.”

“போதும். அம்மா ஜாடை எனக்குத்தான்.”

தர்ஷினியின் பக்கத்தைத் திறந்தாள். ஒரு சொல்லும் எழுதவில்லை. கொஞ்ச நேரம் இருந்தாள், மூடினாள். அக்கா சொல்லை அவள் மீறியது அன்றைக்குத்தான்.

6

முடிவுகளும் எழுதிப் பார்த்தேன்.

அ) அன்று சாயங்காலமே தர்ஷினி அந்தப் படத்தைத் தாயிடம் காட்டுகிறாள். ஜெயா, “அம்மா!” என்று...

ஆ) தர்ஷினி அதையும் எவனோ ஒருவன் வேலை என்று நினைத்துப் பக்கத்தை...

இ) அந்த ஞாயிறு தர்ஷினி கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. திங்கள் விடிந்தபோது வந்தவர் பட்டியலே...

மூன்றுக்கும் நான் அந்த லயத்து வீட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். எழுதுகிறவனுக்கு எந்த வீட்டுக்குள்ளும் அனுமதி உண்டு என்பார்கள். அந்த நிறுவனமும் அப்படித்தான் நினைத்தது. நான் போகவில்லை.

7

அடுத்த ஞாயிறு. நான் மழைக்கு ஒதுங்கியது அன்றைக்குத்தான்.

விஜயராணி சந்தைப் பையைக் காலடியில் வைத்துவிட்டுப் பக்கத்தைத் திறக்கச் சொன்னாள். மூடியிருக்கவில்லை. புதிதாக ஒரு படம் இருந்தது. இந்தத் தடவை ஜெயா பின்னால் நின்று விறகு அடுக்கவில்லை. தலை வாரி, பொட்டு வைத்து, நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நேராகப் பார்த்தாள். படத்துக்குக் கீழே ஒரு வார்த்தையும் இல்லை.

எடுத்தது எப்போது, போன ஞாயிறுக்கு முன்னாலா, பின்னாலா? பழனிக்குமாருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது.

விஜயராணி முந்தானையால் திரையைத் துடைத்தாள்.

“தம்பி, எங்கக்கா யாரப் பாக்குது?”

பழனிக்குமாரை அடுத்த மேஜையில் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டான். அவள் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். மழை விட்டுவிட்டது, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாயிற்று. தடுப்புக்கு இந்தப் பக்கம் என் நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது. உட்காருங்கள், அவளுக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும்.