பேங்க் கட்டடத்துக்கு ஐம்பது வயது

செங்கோடன் அன்றைக்குப் பேங்க்கில் பணம் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. உள்ளே போனார், மேனேஜர் அறை வாசலுக்கு மேலே புதிதாக மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார், வெளியே வந்தார். ஒரு வாரமாக இதுதான் அவருக்கு வேலை. சந்தன மாலைக்குள் வெங்கடபதியின் அப்பா, கடைவீதி முழுக்கத் தான் கட்டியது போலச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே பித்தளைத் தகட்டில் ‘இக்கட்டடத்தை வழங்கியவர்’ என்று பொறித்திருந்தது. பார்த்தால் செங்கோடனுக்கு வயிறு எரிந்தது. பார்க்காமல் வீட்டிலிருந்தால் இன்னும் எரிந்தது.

கட்டியவர் செங்கோடனின் அப்பா. பஞ்சு மூட்டை அடுக்குவதற்காக, மதுக்கரையிலிருந்து வண்டி வண்டியாகச் சுண்ணாம்பு இறக்கி, கொத்தனாரோடு தானும் நின்று கட்டிய கிடங்கு. நாற்பத்தாறாம் வருஷம் இடம் தேடி வந்த பேங்க்காரர்கள் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு இதுவே போதும் என்றார்களாம். இரும்புப் பெட்டகம் வாசலில் நுழையாமல் மாட்டிக்கொண்டபோது, அப்பாவே முன்சுவரை இடிக்கச் சொன்னார். பெட்டகம் உள்ளே போனதும் ஒரே நாளில் திரும்பக் கட்டிக் கொடுத்தார். எட்டு வயதில் செங்கோடன் பக்கத்தில் நின்று பார்த்தது அது. அறுபத்தொன்றாம் வருஷம் தோட்டத்துக் கிணறு வற்றி, வேறு வழியில்லாமல் கட்டடத்தை விற்றார்கள். வாங்கியவர் மில்காரர், வெங்கடபதியின் அப்பா. அதன் பிறகு அப்பா அந்த வீதிப் பக்கமே போகவில்லை, மில்காரர் பேச்சையும் எடுக்கவில்லை. அதைப் பகை என்று செங்கோடனாகவே எடுத்துக்கொண்டு, முப்பத்தைந்து வருஷமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்து வந்தார்.

இத்தனைக்கும் மேனேஜர் அப்துல் மஜீத் முதலில் வந்தது செங்கோடன் வீட்டுக்குத்தான். பொன்விழாவுக்குக் கட்டடத்தின் வரலாறு எழுதுகிறோம், உங்கள் அப்பா படம் ஒன்று வேண்டும் என்று கேட்டார். செங்கோடனுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. வாய் மட்டும் பழக்கத்தில், “அதெல்லாம் எதுக்குங்க சார், உடுங்க” என்றது.

இந்தப் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இன்னொரு தரம் கேளுங்கள் என்று அர்த்தம். ஒரு டம்ளர் காப்பியைக்கூட மூன்றாவது தரம் வற்புறுத்திய பிறகுதான் கை நீட்டி வாங்குவார்கள். மேனேஜர் மதுரைப் பக்கத்துக்காரர். உங்கள் விருப்பம் என்று சொல்லி எழுந்து, நேராக வெங்கடபதி வீட்டுக்குப் போய்விட்டார். வெங்கடபதியும் இதே ஊரில் பிறந்தவர்தான், ஆனால் மில் வைத்து நாலு ஊர் ஆட்களோடு பழகியவர். மறுநாளே படம் பேங்க்குக்குப் போய்விட்டது.

“ஏனுங்க, கேட்டவொடனே செரின்னு சொல்லிப்போட்டா கொறஞ்சா போயிருவீங்க?” என்றாள் மனைவி கருப்பாத்தாள். அன்றைக்குச் செங்கோடன் சோற்றைத் தொடவில்லை.

விழாவுக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தார். பிறகு, என்னதான் புளுகுகிறார்கள் பார்ப்போம் என்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். வெங்கடபதி மைக்கைப் பிடித்ததும் பல்லைக் கடித்துக்கொண்டார். ஒரே ஒரு பொய் சொல்லட்டும், எழுந்து நின்று கேட்டுவிடலாம் என்றிருந்தார்.

“எங்கப்பா இந்தக் கட்டடத்த வாங்குனாருங்க, அவ்வளவுதானுங்க,” என்றார் வெங்கடபதி. “கட்டுனது நம்ம செங்கோடண்ணனோட அப்பாங்க. அவரு படந்தான் மொதல்ல இங்க இருக்கோணும்.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பக்கத்து நாற்காலிக்காரர், வெங்கடபதிக்குத்தான் எத்தனை பெரிய மனசு என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அப்பாவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர் கேட்க வேண்டும் என்று செங்கோடன் இத்தனை காலம் ஆசைப்பட்டது என்னவோ அதே வாக்கியம்தான். அதையும் அந்த ஆளே சொல்லிப் பேரையும் தட்டிக்கொண்டு போய்விட்டார். பொய் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். மேனேஜர் இறங்கி வந்து, திங்கட்கிழமைக்குள் படம் கிடைக்குமா என்று கேட்டார். செங்கோடன் இந்தத் தடவை முந்திக்கொண்டு, “குடுத்தர்றனுங்க” என்றார்.

வாக்குக் கொடுத்த பிறகுதான் வீட்டுச் சுவரில் அப்பாவின் படம் ஒன்றுகூட இல்லை என்பது உறைத்தது. இரண்டு நாள் தேடினார்கள். அப்பாவின் தகரப் பெட்டியில், பழைய பத்திரங்களுக்கு அடியில், பட்டு அங்கவஸ்திரத்தில் சுற்றி ஒரே ஒரு போட்டோ இருந்தது. பேங்க் திறந்த அன்று வாசலில் எடுத்தது. அதில் இரண்டு பேர் நின்றார்கள். அப்பா, பக்கத்தில் கோட்டுப் போட்ட இளம் மில்காரர். செங்கோடன் அதை ஒரு பழைய தாளில் சுற்றிக்கொண்டார். பிறகு நஞ்சுண்டன் ஸ்டுடியோவுக்குப் போய், பக்கத்தில் நிற்கிற ஆளை எடுத்துவிட்டு அப்பாவை மட்டும் பெரிதாக்கித் தரச் சொன்னார்.

நஞ்சுண்டன் போட்டோவை விளக்கடியில் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“தனியா எடுத்தர்லாங்க. ஆனா உங்கப்பா கை அவரு தோள்மேல கெடக்குதுங்களே. கைய வெட்டிப்போடறதுங்களா, இல்ல அந்தத் தோளும் கொஞ்சம் இருந்துட்டுப் போகட்டுங்களா?”

செங்கோடன் குனிந்து பார்த்தார். அப்பா வாய் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஐந்து விரல்களும் கோட்டுத் துணி சுருங்கும்படி அந்தத் தோளை இறுக்கிப் பிடித்திருந்தன. நஞ்சுண்டன் பென்சில் முனையை அப்பாவின் மணிக்கட்டில் வைத்தபடி காத்திருந்தார்.