காலண்டரில் மேடேறிய கார்

வங்கியில் கொடுத்த புதுக் காலண்டரில் எங்கள் பழைய கார் இருந்தது. முன்சக்கரத்தின் மேல் அடுப்புத் தகரத்தால் ஒட்டுப்போட்ட கார் ஊரிலேயே அது ஒன்றுதான். ஒட்டியவன் என் கணவன் ஆரின். போன கோடையில் நகரத்திலிருந்து வந்த டெஸ்மண்ட் என்ற ஓவியன், எங்கள் கொட்டகையில் துருவேறிக் கிடந்த காரைப் பார்த்து வரைந்துபோனான். 'அந்தக் காலத்து மோட்டார் சவாரி' என்று படத்துக்குப் பெயர். ஊரே ஆகா ஓகோ என்றது. எனக்கோ பற்றி எரிந்தது.

படத்தில் கார், பியானோ வாத்தியாரம்மா லியோனா வீட்டு மேட்டில் இருக்கிறது. காரின் மூக்கு கீழே பார்க்க, ஓட்டுகிறவன் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறான். எங்கள் வயசுக்காரர்களுக்கு இது போதாதா? அந்தக் காரில் பெட்ரோல் தொட்டி இருக்கைக்கு அடியில். செங்குத்து மேட்டில் நேராக ஏறினால் தொட்டி எஞ்சினைவிடத் தாழ்ந்துவிடும், பெட்ரோல் போகாது. ரிவர்ஸில்தான் ஏற வேண்டும். ஆக, ஆரின் ஏறுகிறான். உச்சியில் இருப்பது ஒரே வீடு.

கல்யாணமான புதிதில் அவனையும் லியோனாவையும் பற்றி ஊர் முணுமுணுத்தபோது நேராகவே கேட்டேன். அந்த மேட்டை மிதித்ததே இல்லை என்று பைபிள்மேல் கைவைத்துச் சொன்னான். அதை நம்பித்தான் முப்பது வருஷம் குடித்தனம் நடத்தினேன். இப்போது, டெஸ்மண்டிடம் பழங்கதை பேசும்போது எதையோ உளறிவிட்டானோ? காலண்டரைச் சமையலறையில் மாட்டினேன். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல, ஆரின் அதற்கு முதுகு காட்டியே காப்பி குடித்தான்.

பொறுக்காமல் ரயிலேறி டெஸ்மண்டிடம் போனேன்.

"கார் ரிவர்ஸ்ல மேடேறுதே, யார் சொல்லி வரைஞ்ச தம்பி?"

அவன் விழித்தான். "ஏறலம்மா, இறங்குது. பின்னாடி ஒரு நாய் துரத்துது பாருங்க, அதைத்தான் அவர் திரும்பிப் பார்க்கிறாரு. காரு எங்கயாவது பின்பக்கமா மேடேறுமா?"

நாயை நான் கவனிக்கவே இல்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பாவம், ஒரு வாரமாக அந்த மனுஷனை என்ன பாடு படுத்திவிட்டேன். பேக்கரியில் அவனுக்குப் பிடித்த ஆப்பிள் பை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

ஆரின் மேசையருகே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். நான் வாயைத் திறக்குமுன் அவன் சொன்னான்.

"டெஸ்மண்டப் பார்க்கத்தானே போன? அவன்கிட்ட நான் மூச்சுகூட விடல வெர்னா. யாரு பார்த்துச் சொன்னாங்களோ. ஒரே ஒரு கோடைதான். நம்ம பொண்ணு பொறந்ததும் அங்க போறத விட்டுட்டேன்."

கார் இறங்கத்தான் செய்கிறது என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.