யார் கால் முதலில்

1

இந்தக் கதை பிறந்தது போன மாதம், ரஷ்ய எல்லையோர ஆற்றங்கரை ஊரான நார்வாவில் நான் குடியிருக்கும் தெருவில். பனி ஒதுக்கிய ஒற்றை வழியில் இரண்டு கார்கள் எதிரும் புதிருமாக நின்றன. நீ பின்னால் போ, நீ போ என்று அரை மணி நேரம். பின்னால் ரொட்டி வண்டி மாட்டிக்கொண்டது. வந்த எரிச்சலில் வீட்டுக்குப் போய், நானூறு வருஷத்துக்கும் முந்தைய இரண்டு தூதர்களைக் குதிரைமேல் ஏற்றிவிட்டேன். இறக்கத்தான் தெரியவில்லை.

2

எங்கள் ஊர் ஆற்றின் இந்தக் கரை அப்போது சுவீடன் மன்னருடையது, அந்தக் கரை ரஷ்ய மன்னர் ஜாருடையது. சண்டை ஓய்ந்து வியாபார ஒப்பந்தம் எழுதும் நாள். கூடாரத்துக்கு முன்னால் சுவீடன் தூதர் ஆர்விட், எதிரே ரஷ்யத் தூதர் அஃபனாசி.* எவர் கால் முதலில் தரையில் படுகிறதோ, அவருடைய மன்னருக்குத் தலைக்குனிவு. காலையிலிருந்து இருவரும் சேணத்தை விட்டு அசையவில்லை.

பின்னால் முப்பது வண்டி நிறைய, துணி நெய்யும் ஆளிநார்க் கட்டுகளோடு உஸ்தீன்யா, ரஷ்யக் கரை வியாபாரி. ஆற்றில் நிற்பது கடைசிக் கப்பல், நிறைய உப்பு. ஒப்பந்தம் ஆனால் நாரைக் கொடுத்து உப்பை வாங்குவாள். ஆகாவிட்டால் கப்பல் நாளை போய்விடும், ஆறு உறைந்துவிடும். உப்பில்லாமல் மீனும் முட்டைக்கோஸும் ஊறப்போட முடியாது. குளிர்காலம் முழுக்க அவள் ஊரே பட்டினி.

(* நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் உண்டு. கதைக்குள் விட்டால் அவரும் குதிரை கேட்பார். விட்டுவிட்டேன்.)

3

முதல் முயற்சி: குதிரை மிரண்டு ஆர்விடைக் கீழே [கோடு போட்டு அடித்துவிட்டேன். வாயில்லா ஜீவன்மேல் பழி போடுவதா?]

இரண்டாவது: உஸ்தீன்யா கண்ணீர் மல்க [அழுதால் இறங்குகிற ஆட்களா இவர்கள்? அவளுக்கும் அழ வராது.]

மூன்றாவது எனக்குத் தோன்றவே இல்லை. பேனாவை வைத்துவிட்டேன். அவளே வண்டியிலிருந்து குதித்து வந்தாள்.

"ஏங்கய்யா, தரையில கால் பட்டாத்தானே மானம் போகும்?"

"ஆமா, உனக்கென்ன?" என்றார் அஃபனாசி.

"அப்போ தரையே வேணாம். என் நார்க்கட்டு மேல இறங்குங்க."

ஆர்விட் சந்தேகத்தோடு குனிந்து பார்த்தார். "அவர் கட்டு என்னுதைவிட உசரமா இருந்தா?"

"எல்லாம் ஒரே ஆள் கட்டினது. வேணும்னா அளந்துக்குங்க."

அளந்தார்கள். [இதை நான் எழுதவில்லை, அவர்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.]

4

இறங்கினார்கள்! கூடாரம் வரை இரண்டு வரிசையாகக் கட்டுகள். அதன்மேல் தட்டுத் தடுமாறி நடந்து, கட்டுமேலேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். வண்டிக்காரர்கள் தொப்பிகளை வீசினார்கள். மூன்று வாரமாக என்னைப் படுத்திய ஆட்கள்! எனக்கும் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

5

இத்தோடு முடித்திருப்பேன். உஸ்தீன்யா விடவில்லை. கட்டுகளைத் தூக்கச் சொன்னாள். தூதர்களின் குதிரைகள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தன, அனுப்பியதும் அவள்தான். கடைசியில் மிஞ்சியவை இரண்டே கட்டுகள். மேலே இரண்டு தூதர்கள்.

"இறங்குங்கய்யா, சரக்கு கப்பலேறணும்."

"யார் முதல்ல?" என்றார்கள் இருவரும்.

"அத நான் பாக்கப்போறதில்ல."

முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். முப்பது வண்டிக்காரர்களும் திரும்பிக்கொண்டார்கள். நானும்.

அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பது இப்போது நீங்கள் ஒருவர்தான். யார் கால் என்று தெரிந்தாலும் தயவுசெய்து வெளியே சொல்லிவிடாதீர்கள். உப்பு இன்னும் கரை இறங்கவில்லை.