கிறீஸ் பூசிய லப்டொப்

இவன் இதிலும் கை வைத்திருக்கிறான். சொல்லாதே. இப்போது ஒன்றும் சொல்லாதே. வாயைத் திறந்தால் அழுகை வரும், அழத் தொடங்கினால் இருக்கிற கொஞ்ச நேரமும் அதிலேயே போய்விடும்.

துஷாந்தி கழற்றிய அடித்தட்டையும், உருவிய பழைய மெமரியையும் டிஸ்க்கையும் மெல்ல மேசையில் வைத்தாள். பழைய லப்டொப் குப்புறக் கிடந்தது, வயிறு திறந்தபடி. தூசி இருக்கும், பல்லி முட்டை இருக்கும், கடற்காற்றில் பிடித்த கறள் இருக்கும் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தாள். இதை எதிர்பார்க்கவில்லை. மெமரி செருகுகிற இரண்டு பள்ளங்களிலும், ஹார்ட் டிஸ்க் வந்து பொருந்துகிற பல்வரிசையிலும் மஞ்சள் நிறக் கிறீஸ். அள்ளி அப்பியதல்ல. தீக்குச்சி முனையில் எடுத்து, ஓர் இடமும் விடுபடாமல், பொறுமையாகப் பூசியது. அந்தப் பொறுமையை அவளுக்குத் தெரியும்.

அது கிருஷாந்தனின் பொறுமை. வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டிலில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்துகிறவன் அவளுடைய புருஷன். உப்புப் படுகிற இடமெல்லாம் கிறீஸ் பூசாமல் எதையும் அவன் வெளியே விட்டதில்லை. படகு பற்றரியின் முனைகளுக்குப் பூசுவான். படலைப் பிணைச்சலுக்கும் தையல் மெசினுக்கும் குசினி யன்னல் கொளுக்கிக்கும் அதே கிறீஸ்தான். துறைமுகத்துக் காற்று எந்த இரும்பையும் சும்மா விடாது. இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் செய்கிற காரியம்தான் இது.

புதன்கிழமை அவள் கிளினிக்குக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து பார்த்தபோது லப்டொப்புக்கு உயிர் வரவில்லை. ஏற்கெனவே நடுவில் நடுவில் உறைந்து நின்றுகொண்டிருந்த சாமான், வயது போய்விட்டது என்று நினைத்தாள். அதற்காகத்தான் கொழும்பிலிருந்து புது மெமரியும் புது டிஸ்க்கும் எடுப்பித்திருந்தாள். பார்சல் இன்றைக்குத்தான் வந்தது. மாற்றத் தெரியும். வீடியோ பார்த்துப் பார்த்து, கண்ணை மூடினாலும் கை தானாகப் போகிற அளவுக்குப் பழகியிருந்தாள்.

இன்று சனிக்கிழமை. பின்னேரம் ஐந்து மணிக்கு நோர்வேயில் ஆறு பிள்ளைகள் தமிழ் படிக்கத் திரைக்கு முன்னால் வந்து உட்காருவார்கள். போன சனிக்கிழமை வகுப்பு நடுவில் லப்டொப் உறைந்து நின்றுவிட, போனில் வகுப்பெடுத்துப் பார்த்தாள். திரையில் எழுதுகிற பலகை அதில் ஓடவில்லை. பிள்ளைகள் அவளுடைய மூக்கை மட்டும்தான் கண்டார்கள். வகுப்பு முடிந்ததும் ஒரு தாய் குரல் பதிந்து அனுப்பியிருந்தாள். மரியாதையான குரல். "ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. வாற கிழமையும் இப்பிடியெண்டால் நாங்கள் வேற ஆரையும் பாக்கவேண்டி வரும்."

ரீச்சர். துஷாந்தி வருடக்கணக்காகத் தொண்டர் ஆசிரியையாகப் பள்ளிக்கூடம் போனவள். அரசாங்க நியமனம் வரும் வரும் என்று இருந்ததில் வயதெல்லை கடந்துவிட்டது. இப்போது ஊரில் அவளை அப்படிக் கூப்பிட ஒருவரும் இல்லை. சந்தையில் பழைய மாணவியைக் கண்டால் அவளும் "அன்ரி" என்கிறாள். அந்தச் சொல்லுக்கு உரியவள் இப்போது இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தாள். புதன்கிழமையிலிருந்து அங்கேயும் இல்லை.

"என்ன, கழட்டிப்போட்டியோ?"

கைகளைப் பழந்துணியில் துடைத்தபடி கிருஷாந்தன் உள்ளே வந்தான். எட்டிப் பார்த்தவனின் முகம் மலர்ந்தது.

"பாத்தியே, ஒரு பொட்டுக் கறள் இல்லை. நீ கிளினிக்குக்குப் போன நேரம் திறந்து பாத்தனான். பல்லெல்லாம் பச்சையாப் பூத்துப்போய்க் கிடந்தது. துடைச்சுப்போட்டு நல்ல கிறீஸ்தான் போட்டனான், வெளிநாட்டுச் சாமான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா விடுவியே? சாமிப்படம் மாதிரியெல்லே அதை வைச்சிருக்கிறாய்." சிரித்தான்.

கோபத்துக்கு முன்னால் அவளுக்குப் பயம்தான் வந்தது, இதையும் இவனிடமே கொடுத்துவிடுவோமோ என்று. கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவளுக்கு உடைந்ததையெல்லாம் இவன்தான் திருத்தினான், கேட்காமலே. அவள் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பாள். அது அன்புதான். அதில் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை, அதனால்தான் மூச்சு முட்டியது. அன்பில்லாத கை என்றால் தட்டிவிட்டிருக்கலாம்.

எழுந்து போய் மதிலருகில் நின்று பக்கத்து வீட்டைக் கூப்பிட்டாள். "நஸ்ரியாக்கா, புண் கழுவுற ஸ்பிரிட் கொஞ்சம் இருக்குமோ?"

நஸ்ரியா போத்தலோடு படலையைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். "ஆருக்குப் புள்ள காயம்?" என்று கேட்டவளின் கண் மேசையில் விழுந்தது. "அட அல்லாஹ்! தம்பி, கொம்பியூட்டருக்கும் கிறீஸா? பின்னால படகு விசிறியொண்டையும் பூட்டிக் கடல்ல இறக்குங்களன்!"

"கறள் பிடியாமல் இருக்கத்தான் அக்கா."

"கறளும் பிடியாது, கரண்டும் பிடியாது. எங்கட மூத்தவன் போன் கடையில நிக்கிறான், அவன் கண்டானெண்டா விழுந்து விழுந்து…" சொல்லிக்கொண்டிருந்தவள் கிருஷாந்தனின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பை விழுங்கினாள். "போத்தல் அவசரமில்ல புள்ள. பிறகு தாங்க." படலை சாத்துகிற சத்தம் கேட்டது.

கிருஷாந்தன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அதாலயோ? அதாலதானோ இது எழும்பேல்லை?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வேறு நாளென்றால் சொல்லியிருப்பாள்.

"ஓம்," என்றாள்.

அவன் வெளியே போனான்.

பழைய பல்துலக்கியை ஸ்பிரிட்டில் தோய்த்துப் பள்ளங்களைத் தேய்த்தாள். கிறீஸ் கரைந்து வந்து, மறுபடியும் எங்கோ போய் ஒட்டியது. பஞ்சால் ஒற்றினாள். பஞ்சின் நார் பல்லில் சிக்க, ஊசியால் எடுத்தாள். புது டிஸ்க்கைத் தொடவில்லை. அதில் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற நேரமில்லை. பழைய டிஸ்க்கின் வாயையே துடைத்துப் பூட்டினாள். புது மெமரி இரண்டையும் இரண்டு பள்ளங்களிலும் வைத்து அமத்தி, லப்டொப்பை நிமிர்த்திப் பொத்தானை அழுத்தினாள்.

மெமரியைக் காணவில்லை என்று லப்டொப் கீச் கீச்சென்று கத்தியது. திரை கறுப்பாகவே இருந்தது.

கழற்றினாள். மெமரியின் பொன்னிற நுனியில் அவளுடைய விரலிலிருந்தே கிறீஸ் ஏறியிருந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து, அழிறப்பரால் நுனியைத் தேய்த்தாள், ஒரு கொப்பியில் பிழையாக எழுதியதை அழிப்பதுபோல. மறுபடியும் செருகினாள். மறுபடியும் அதே கீச்சல்.

துறைமுகத்தில் கப்பலொன்று நீளமாக ஊதியது. அந்தச் சத்தம் அடங்கும்வரை தான் ஒரு செய்தியை மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்ததை அவள் பிறகுதான் கவனித்தாள். *உடம்பு சரியில்லை, மன்னிக்கவேணும், உங்களுக்கு வசதியான வேறு ஆளை…* எவ்வளவு சுலபமாக வருகிறது! நியமனம் கேட்டுத் தொண்டர் ஆசிரியர்கள் போன கடைசி ஊர்வலத்துக்குப் போகாமல் நின்றபோதும் உடம்புதான் சரியில்லாமல் இருந்தது. யாரும் அவளை வெளியே தள்ளவில்லை. தள்ளுவதற்கு முன்னால் அவளாகவே எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விடுவாள். இனி எழுந்து போக இடமில்லை. இதுதான் கடைசிக் கதிரை.

ஒரு மெமரியை எடுத்து அப்பால் வைத்தாள். மற்றதை முதல் பள்ளத்தில் போட்டாள். கத்தியது. ஸ்பிரிட்டும் முடிந்துவிட்டது. இரண்டாவது பள்ளத்தை உலர்ந்த பல்துலக்கியால் மட்டும் தேய்த்து, அதிலே செருகினாள். முதலில் நேராக இறங்க மறுத்தது. அமத்தினாள். நிமிர்த்தி வைத்து, பொத்தானை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கீச்சல் வரவில்லை. உள்ளே விசிறி சுழலத் தொடங்கியது. சாம்பல் வெளிச்சம் திரையில் பரவி, அணைவதுபோல் ஒருமுறை நடுங்கி, நின்றது.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. மேசையில் முட்டினால் போய்விடுமோ, மூச்சு விட்டால் போய்விடுமோ என்றுதான் இருந்தது. அடித்தட்டைப் பூட்டவும் பயம். இரண்டு கொப்பிகளுக்கு மேல் லப்டொப்பைத் தாங்கி வைத்திருந்தாள். எழுதுகிற பலகை மெல்ல மெல்லத் திறந்து, கடைசியில் வெள்ளையாக வந்தது. விரலால் 'அ' எழுதினாள். கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது. தெரிந்தது.

"எழும்பிட்டுதோ!"

கிருஷாந்தன் வாசலில் நின்றான். கையில் ஒரு சின்னத் தகரப்பேணி. பெற்றோல் மணத்தது.

"ஒண்டுதான் வேலை செய்யுது. மற்றப் பள்ளம் இன்னும் அடைச்சுக் கிடக்கு," என்றாள்.

"அதுதான் சொல்ல வந்தனான். நிப்பாட்டு. கடலுக்குள்ள விழுந்த எஞ்சினையே பெற்றோலால கழுவி ஓட விட்டிருக்கிறன், இது என்ன பெரிய வேலையே. உன்ர வகுப்புக்கு இன்னும் நேரமிருக்கு. கெதியாத் தந்திடுவன்."

"இப்ப ஓடுதுதானே."

"அரை உயிரில ஓடுது. நடுவில நிண்டுதெண்டா?" பேணியை மேசையில் வைத்தான். "நான் விட்ட பிழை, துஷா. நானே திருத்தித் தாறன். தா."

இரண்டு கைகளையும் நீட்டினான். அவற்றைக் கழுவிக்கொண்டு வந்திருந்தான். முழங்கைவரை சவர்க்காரம் போட்டு, நகக்கண் எல்லாம் சுரண்டி, தோல் சிவக்கச் சிவக்கக் கழுவியிருந்தான். இவ்வளவு சுத்தமாக அந்தக் கைகளை அவள் கல்யாண வீட்டில்தான் கண்டிருக்கிறாள். நெஞ்சு இளகிப்போனது. கொடுத்துவிட்டால் இவன் முகம் நேராகிவிடும். இரவு சோறு வைக்கும்போது பழையபடி பகிடி விடுவான். கொடுக்காவிட்டால் நஸ்ரியாவின் சிரிப்போடு இவனும் நாள்முழுக்க இருக்கவேண்டும்.

அவளுடைய கை, பழக்கத்தில், நிறுத்துகிற பொத்தானுக்குக் கிட்டப் போய்விட்டிருந்தது. கண்டதும் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"என்னில நம்பிக்கை இல்லையோ?" என்று கேட்டான். குரல் தாழ்ந்திருந்தது.

*இண்டைக்கு வேண்டாம்* என்று சொல்லத்தான் வாய் எடுத்தாள். நாளைக்கு என்று ஒரு கதவு அதில் திறந்தே கிடந்தது. அந்த முதல் சொல்லை விழுங்கினாள்.

"வேண்டாம்," என்றாள் மெதுவாக, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இதை நான் பாத்துக்கொள்ளுறன்."